ஊசியைக் கேட்பது யார்? வெளிநாட்டு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை, காலைக் கூட்டம் வடிந்த நேரத்தில், தேவகோட்டையிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். பெண் எம்பிபிஎஸ் கடைசி ஆண்டு. கென்யாவில் கிசுமு என்ற ஊரில் ஒரு மருத்துவமனையில் நாலு வாரப் பயிற்சி கிடைத்திருக்கிறது. அங்கிருந்து அனுப்பிய தடுப்பூசிப் படிவத்தை நாலு பக்கமாக அச்செடுத்து வைத்திருந்தாள்.

"உடம்புக்கு ஒன்னும் இல்ல டாக்டரம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார் அம்மா.

புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஊசி போட்ட தேதி, அல்லது ரத்தப் பரிசோதனையில் வந்த அளவு. எதையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்ப முடியாது. விமானம் எப்போது என்று கேட்டேன். 26 நாள் இருக்கிறது என்றாள், நிறைய நாள் இருப்பதுபோல.

இப்படிப் போவதை மாணவர்கள் எலெக்டிவ் என்கிறார்கள். தானே தேர்ந்தெடுத்த ஒரு துறையில், வேறொரு மருத்துவமனையில், சில வாரம் கூடவே நின்று பார்ப்பது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்றுதான் அதிகம் போகிறார்கள். வெப்பமண்டல நோய்களில் ஆர்வம் உள்ளவர்கள் ஆப்பிரிக்கா பக்கமும் போகிறார்கள். எங்கே போனாலும் விசாவுக்கு அடுத்தபடியாக வந்து நிற்பது இந்தப் படிவம்தான். ஆனால் விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஓடுகிற பிள்ளைகள் படிவத்தைக் கடைசி மாதத்தில்தான் திறந்து பார்க்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊசிகளை மூன்று பேர் கேட்கிறார்கள். நாட்டின் வாசலில் நிற்கும் சுகாதார அதிகாரி ஒரே ஒரு ஊசியைக் கேட்கிறார். வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்காக மருத்துவமனை சிலவற்றைக் கேட்கிறது. உங்கள் உடம்பு தனக்காகச் சிலவற்றைக் கேட்கிறது. யார் எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், எதில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்க முடியாது, எதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், எதற்கு ஊசியே வேண்டாம், ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் போதும் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும்.

வாசல்காரரிலிருந்து தொடங்கலாம். செட்டிநாட்டுக்கு இவர் புதியவர் இல்லை. என் ஐயா (தாத்தா) 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர். அவருடைய பழைய பாஸ்போர்ட்டுக்குள் ஒரு மடித்த சீட்டு இருக்கிறது, பெரியம்மைக்கு அம்மை குத்திக்கொண்டதற்கான சான்று. அது மூன்று ஆண்டுதான் செல்லும். அங்கே கடை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு, அதாவது ஒரு வேலைத் தவணை என்பதும் மூன்று ஆண்டு. ஆக, கணக்கு முடிந்து ஊருக்கு வந்து திரும்பக் கப்பல் ஏறும்போதெல்லாம் மறுபடி கையை நீட்ட வேண்டியதுதான். ஐயாவின் கையில் நாலணாக் காசு அகலத்தில் இரண்டு தழும்புகள் உண்டு. சின்ன வயதில் நான் அதில் விரல் வைத்து அழுத்தி விளையாடியிருக்கிறேன்.

அதற்கும் முந்தைய காலத்தில், பினாங்கு வரும் கப்பலில் நோய் தெரிந்தால் பயணிகளை எதிரே உள்ள ஜெரஜாக் தீவில் இறக்கி வைத்துவிடுவார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை இந்தப் பக்கமே, மண்டபம் முகாமில் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஒரு நாட்டில் இல்லாத நோய் அங்கே நுழைந்துவிடக் கூடாது என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். பயணி பிழைப்பாரா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மைச் சீட்டும் அதோடு போயிற்று. இன்று சர்வதேச சுகாதார விதிகளில் எல்லையில் சான்று கேட்கலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் நோய் ஒன்றே ஒன்று, மஞ்சள் காய்ச்சல்.

இந்தப் பெயரில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. "மஞ்சக் காமாலை ஊசிதானே டாக்டர், அதெல்லாம் சின்னப் பிள்ளையிலேயே போட்டாச்சு" என்பார்கள். மஞ்சள் காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு. காமாலை என்பது கல்லீரல் கெட்டதன் அடையாளம். ஹெபடைடிஸ் ஏ, பி போன்ற கிருமிகளால் வரலாம், பித்தப்பைக் கல்லால்கூட வரலாம். மஞ்சள் காய்ச்சல் ஒரு தனிக் கிருமி, கொசு கடித்துப் பரவுவது, ஆப்பிரிக்காவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலும் மட்டும் இருப்பது. முற்றினால் அதிலும் கண் மஞ்சளாகும் என்பதால்தான் அந்தப் பெயர். கீழாநெல்லி இதற்கு ஆகாது. நேரடி மருந்தும் கிடையாது. தடுப்பூசி மட்டும் வெகு நேர்த்தியானது. 17டி என்ற வலுவிழக்கச் செய்த கிருமியிலிருந்து அதை உருவாக்கிய மேக்ஸ் தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் குடியிருக்கிறது. டெங்குவைப் பரப்புகிறதே, அதே கொசுதான். கிருமியோடு ஒரே ஒரு ஆள் வந்து இறங்கினால், பரப்ப ஆள் தயாராக இருக்கிறது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நம் நாடு அவ்வளவு கறார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் வந்து இறங்கினால், சொந்த ஊர்க்காரர் ஆனாலும் 6 நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

அந்தப் பெண் தடுக்கி விழ இருந்தது இந்த இடத்தில்தான். "கென்யா கேட்கல டாக்டர், பாத்துட்டேன்" என்றாள். அவள் சொன்னது சரி. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருபவர்களிடம்தான் கென்யா சான்று கேட்கிறது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவளிடம் கேட்காது. ஆனால் கென்யா அந்த நோய் உள்ள நாடு. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். போகும் வாசலை மட்டும் பார்த்துவிட்டு, வரும் வாசலை மறந்துவிட்டாள். இடையில் விமானம் மாறும் ஊரையும் பார்க்க வேண்டும். எத்தியோப்பியா போன்ற நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், அடுத்து இறங்கும் நாடு சான்று கேட்கக்கூடும். டிக்கெட் போடும்போதே இதைக் கவனித்தால் மலிவு டிக்கெட் வினையாகாது.

சரி, எங்கே போடுவது? இதை நான் போட முடியாது. காரைக்குடியில் எந்த மருந்துக்கடையிலும் வாங்கவும் முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒரு சுவையான சங்கதி, கிங் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கியதே அம்மை குத்துவதற்கான மருந்தைத் தயாரிக்கத்தான். ஐயா காலத்து வாசலுக்கும் பேத்தி காலத்து வாசலுக்கும் சாவி ஒரே வளாகத்தில் இருக்கிறது. ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டதும் ஒரு மஞ்சள் நிறக் கையேடு தருவார்கள். அது போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், உடம்பில் எதிர்ப்பு உருவாக அவ்வளவு நாள் வேண்டும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும். அதற்கு முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் பத்திரமாக வையுங்கள், உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு போனாலும் இதே அட்டைதான்.

அட்டையில் பெயர் எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நகரத்தார் வீடுகளில் பெயருக்கு முன்னால் மூன்று நாலு எழுத்துக்கு விலாசம், அதாவது இனிஷியல், நீளும். ஊரில் ஆளை அடையாளம் சொல்வதே விலாசம்தான். பாஸ்போர்ட்டில் அது காணாமல் போய், அப்பச்சி (அப்பா) பெயர் முழுசாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். வாய்க்கு வந்தபடி விலாசத்தோடு பெயரைச் சொல்லிவிட்டு வந்தால், இரண்டும் இரண்டு ஆளாகிவிடும். பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் போடுகிற மற்றவர்களுக்கும் இதே தொல்லைதான்.

இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இதை ஊசி போடும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டுப் போட்டுக்கொள்கிற ஊசி அல்ல.

இனி இரண்டாவது ஆள், மருத்துவமனை. இவர் கேட்பதில்தான் மாணவர்களுக்கு எரிச்சல் வருகிறது. "எனக்குத்தான் நல்லா எதிர்ப்பு சக்தி இருக்கே, அப்புறம் எதுக்கு?" என்பார்கள். வார்டில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர் இருப்பார், குறைமாதக் குழந்தை இருக்கும், கர்ப்பிணி இருப்பார். உங்களுக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு போகிற தட்டம்மை அவர்களில் ஒருவரைக் கொன்றுவிடலாம். மருத்துவமனை அவர்கள் பக்கம் நின்று கேட்கிறது. வாய்ச்சொல்லை ஏற்காது, தேதி வேண்டும் அல்லது ரத்தத்தில் அளவு வேண்டும்.

இந்தப் பட்டியலில் தலையானது ஹெபடைடிஸ் பி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நோயாளிக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நம் விரலில் குத்துவது வார்டில் நடக்கிற காரியம். புதிதாகப் போகிறவர்களுக்குக் கூடுதலாகவே நடக்கும். அப்படிக் குத்தினால் கிருமி தொற்றும் வாய்ப்பை நாங்கள் மூன்று எண்களாக நினைவு வைத்துக்கொள்வோம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் 100க்கு 30 வரை, ஹெபடைடிஸ் சி என்றால் சுமார் 3, ஹெச்ஐவி என்றால் 0.3. எல்லோரும் பயப்படுவது கடைசி எண்ணுக்கு. பயப்பட வேண்டியது முதல் எண்ணுக்கு. அதற்கு மட்டும்தான் ஊசியும் இருக்கிறது.

"சின்ன வயசுல போட்டிருப்பாங்க" என்று அம்மா சொன்னார். போட்டிருக்கலாம். ஆனால் பெண் பிறந்தது 2003இல். அரசுத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி அப்போதுதான் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாகத் தொடங்கியிருந்தது. நாடு முழுக்க வந்து சேர்ந்தது 2011இல். ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடும் பென்டாவேலன்ட் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் முதலில் வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அதனால் இன்று கல்லூரியில் படிக்கிற தலைமுறை, தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்கிற நிலையில் இருக்கிறது. அட்டை எங்கே என்றால், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கேயோ போய்விட்டது. ஆத்தாவின் கல்யாணச் சாமான் பட்டியலான முறைச்சிட்டை இரண்டு தலைமுறையாகப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும், பிள்ளையின் ஊசி அட்டை இருக்காது. இதை எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்.

வழக்கமான அட்டவணை மூன்று டோஸ். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவைத்தான் படிவத்தில் டைட்டர் என்று கேட்கிறார்கள். 10 யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று பொருள். பிரிட்டன் மருத்துவமனைகள் 100க்கு மேல் எதிர்பார்க்கும். ஆக ஊசி, இடைவெளி, பரிசோதனை எல்லாம் சேர்த்தால் ஏழெட்டு மாதம். எலெக்டிவுக்கு மனுப் போடும் நாளிலேயே தொடங்க வேண்டியது இந்த ஒன்றுதான். ஆரோக்கியமான இளைஞர்களிலும் சிலருக்கு மூன்று டோஸ் போட்டும் அளவு ஏறாது. அது அவர்கள் தப்பில்லை, மறுபடி மூன்று போட்டுப் பார்ப்போம். அப்போதும் ஏறாவிட்டால் படிவத்தில் அப்படியே எழுதலாம். மறைக்கத்தான் கூடாது, ஏனென்றால் நாளை ஊசி குத்தினால் அவருக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையே வேறு.

அடுத்து அம்மை வகைகள். நம் ஊரில் அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நாலு நோயை அடக்கிவிடுவோம். மணல்வாரி என்கிற தட்டம்மை, கொப்புளம் போடும் சின்னம்மை, தாடைக்குக் கீழே வீங்கும் பொன்னுக்கு வீங்கி எல்லாமே ஆத்தா வந்திருக்கிறாள் என்பதில் சேர்த்தி. வேப்பிலை கட்டி, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவோம். வேண்டுதலில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் தக்காளி கொண்டுபோய்ச் செலுத்தியவள்தான். ஆனால் படிவத்தில் மூன்றுக்கும் மூன்று தனிக் கட்டம். வந்தது எது என்று தெரியாவிட்டால் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

தட்டம்மைக்கும், ரூபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மைக்கும் இந்தத் தலைமுறையிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டுக்கும் சேர்ந்த எம்ஆர் ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகளும் உண்டு, அதனால் போட்டீர்களா என்று கட்டாயம் கேட்பேன். அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டவள். வெளிநாட்டு மருத்துவமனைகள் கேட்பது எம்எம்ஆர், அதாவது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்தது. நம் அரசு அட்டவணையில் அது இல்லை. அதனால் எம்ஆர் மட்டும் போட்டவர்களிடம் அமெரிக்கா, பிரிட்டன் மருத்துவமனைகள் எம்எம்ஆர் இரண்டு டோஸோ, மூன்று நோய்க்கும் டைட்டரோ கேட்கும்.

சின்னம்மை, ஊசி போடாத குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பத்து வயதுக்குள் வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வளர்ந்த பிறகு வருவதும் சகஜம். இருபது வயதில் இன்னும் வராதவர்கள் இங்கே நிறையப் பேர். வராதவர்கள் நாலிலிருந்து எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ் போட வேண்டும். அதற்கும் மாதக் கணக்கு தேவை.

காசநோய்க் கட்டத்தில் நம் பிள்ளைகள் வீணாகப் பதறுவார்கள். முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு மருந்தைச் செலுத்தி, 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பது மான்டூ பரிசோதனை. பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு, காசநோய் சகஜமாக உள்ள நாட்டில் வளர்ந்தவர்களுக்கு, அது தடித்துக் காட்டலாம். தடித்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையைப் பிசிஜி குழப்பாது, அதனால் பல மருத்துவமனைகள் அதையே கேட்கின்றன. அதிலும் பாசிட்டிவ் என்றால் மார்பு எக்ஸ்ரே எடுத்து, இருமல் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கிருமி உடம்பில் உறங்குகிறதா, அதற்கு மருந்து எடுக்க வேண்டுமா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரோடு பொறுமையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு நுணுக்கம், எம்எம்ஆர் போட்ட அடுத்த நாலு வாரத்துக்கு மான்டூ சரியாகக் காட்டாமல் போகலாம். முதலில் மான்டூ, அல்லது இரண்டும் ஒரே நாளில்.

இதேபோல் உயிருள்ள கிருமி ஊசிகளுக்குள்ளும் ஒரு சம்பிரதாயம் உண்டு. எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் மூன்றும் இந்த வகை. இரண்டைப் போடுவதென்றால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். அதிலும் எம்எம்ஆரையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் ஒரே நாளில் போடுவதைவிட, நாள் இருந்தால் நாலு வாரம் தள்ளிப் போடுவதே நல்லது. மற்ற ஊசிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒரே நாளில் இரண்டு கையிலும் போட்டு அனுப்பலாம்.

ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒருமுறை. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மூன்றும் சேர்ந்த டிடாப் ஒரு டோஸ். இரண்டிலும் பேச அதிகம் இல்லை, போட்டுக்கொண்டால் முடிந்தது.

மூன்றாவது ஆள் உங்கள் உடம்பு. இதற்குப் படிவம் கிடையாது, அதனால்தான் விட்டுப்போகிறது. டைபாய்டு நம் ஊரிலேயே இருப்பதுதான். கான்ஜுகேட் என்கிற புதிய வகை ஊசி ஒரு டோஸ் போதும். ஹெபடைடிஸ் ஏ முன்பெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து போய், வாழ்நாள் எதிர்ப்பைக் கொடுத்துவிடும். ஆர்ஓ தண்ணீரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த எதிர்ப்பு இல்லாமல் போகலாம். ரத்தத்தில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஊசி. காலராவுக்கு வாய்வழி மருந்து உண்டு, கொள்ளைநோய் நடக்கும் இடத்துக்குப் போனால் தவிரத் தேவைப்படாது. செனகலிலிருந்து எத்தியோப்பியாவரை ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு மூளைக்காய்ச்சல் பட்டை இருக்கிறது. டிசம்பரிலிருந்து ஜூன்வரை, வறண்ட காலத்தில் அங்கே போகிறவர்கள் மெனிஞ்சோகாக்கல் ஊசி போட வேண்டும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் இதைப் பரிந்துரைக்கின்றன.

நாய்க்கடி ஊசியைக் கடித்த பிறகு போடுவதுதான் வழக்கம், பிறகு எதற்கு முன்கூட்டியே என்று கேட்பார்கள். ஆழமாகக் கடித்தால் ஊசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டும். கிராமப்புற ஆப்பிரிக்காவில் அது சட்டென்று கிடைக்காது. ஒரு வார இடைவெளியில் இரண்டு டோஸ் முன்பே போட்டுவிட்டால், கடித்தாலும் அந்த மருந்து தேவையில்லை, காயத்தை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போதும்.

மலேரியாவுக்குப் பயணிகளுக்கான ஊசி கிடையாது. 2021க்குப் பிறகு வந்த மலேரியாத் தடுப்பூசிகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கானவை. பயணிக்கு மாத்திரையும் கொசுவலையும்தான். நைரோபி மேட்டு நிலம், அங்கே மலேரியா குறைவு. கிசுமு விக்டோரியா ஏரிக்கரை, அங்கே அதிகம். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம், அதனால் நாட்டின் பெயரை மட்டும் சொல்லாமல் ஊரின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்தும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். இன்னொரு வகை மாத்திரையை ஏழு நாளில் நிறுத்திவிடலாம், விலைதான் கூட. ஹெச்ஐவிக்கும் ஊசி இல்லை. ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை அங்கே எந்த அறையில் இருக்கிறது, ராத்திரியில் யாரிடம் கேட்பது என்பதைப் போய்ச் சேர்ந்த முதல் நாளே விசாரித்துக்கொள்ளச் சொன்னேன்.

இனி அந்த 26 நாளுக்கு வருவோம். சனிக்கிழமையே ரத்தம் எடுத்துவிட்டு, ஹெபடைடிஸ் பி முதல் டோஸ், நாய்க்கடி முதல் டோஸ், டைபாய்டு மூன்றும் போட்டேன். இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே போனாள். பரிசோதனை முடிவில் தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ நாலுக்கும் எதிர்ப்பு இருந்தது. ஹெபடைடிஸ் பிக்கு 10க்குக் கீழே. ஆறு மாத அட்டவணைக்கு வழியில்லை, அதனால் அவசர அட்டவணை, இன்று, 7ஆம் நாள், 21ஆம் நாள், அப்புறம் ஓராண்டு கழித்து நாலாவது. நாள் இருந்திருந்தால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஐந்தாம் நாள் கிண்டியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி, 15ஆம் நாள் அட்டை செல்லுபடி. 7ஆம் நாள் ஹெபடைடிஸ் பி இரண்டாவது, நாய்க்கடி இரண்டாவது. 21ஆம் நாள் மூன்றாவது. பொன்னுக்கு வீங்கியும் ஹெபடைடிஸ் பி டைட்டரும் எழுத முடியாத கட்டங்கள். அவற்றை வெறுமையாக விடாமல், அட்டவணை நடக்கிறது, பரிசோதனை பயணத்துக்குப் பின் என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிசுமுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் முதல் வாரம் முழுக்க ஊசியோ கத்தியோ அவள் கையில் கொடுக்கவில்லையாம். அவர்கள் செய்தது சரிதான் என்று அவளிடமே சொன்னேன்.

ஆடியில் திரும்பி வந்ததும் ஒரு நாள் இருவரும் வந்தார்கள். விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைப் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தார்கள், பெயரையும் பாஸ்போர்ட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்றாள். "இதுக்கா மெட்ராஸுக்கு ராத்திரி ரயில்ல போய் வந்தோம்" என்றார் அம்மா. அட்டையை இப்போது பெட்டகத்தில் வைத்திருக்கிறாராம், முறைச்சிட்டைக்குப் பக்கத்தில். நாலாவது டோஸ் வரும் வைகாசியில், தேதியை என் மேசை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.